கக்கத்தில் பலகை

"நெஜாத், இன்னிக்கு மட்டும் சொதப்பிட்டு வந்தே, பிள்ளைங்களோட நான் பாட்டுக்கு அந்தாலியா பஸ் ஏறிடுவேன்" என்று காலையிலேயே எச்சரித்திருந்தாள் நெர்மின்.

துருக்கியின் கோன்யா நகரில், பகடை உருட்டிக் காய் நகர்த்தும் தவ்லா ஆட்டத்துக்கான கடைத்தெருச் சங்கத்தின் இறுதிப் போட்டி. ஐந்து வருடமாக நெஜாத்தான் சாம்பியன். 'அல்லாவே, இந்த ஒரு தடவை காப்பாத்து' என்று முணுமுணுத்துப் பகடையை உருட்டினான். ஒன்றும் இரண்டும். எதிரே ஷாகிருக்கு இரட்டை ஆறு விழுந்தது; கடைசிக் காயும் வெளியேறியது.

தோற்றவன் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

"என்ன அண்ணே, கக்கத்துல கட்டியா?" என்று கத்தினான் சலூன்காரன்.

"போய் ஆட்டம் கத்துக்கிட்டு வாங்க!" என்று டீக்கடையே சிரித்தது.

நெஜாத் ஓட்டமும் நடையுமாகத் தெருவைக் கடந்தான். மாடியிலிருந்து பார்த்த நெர்மின் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"நிஜமாவே தோத்துட்டியா?"

"தோத்துட்டேன்டி! வேணும்னே இல்ல, சத்தியமா பகடைதான்!"

நடுத்தெருவிலேயே அவனைக் கட்டிக்கொண்டாள்.

"ஜெயிச்சவன்தானே அடுத்த போட்டியை நடத்தணும்? கோடை முழுக்க ஆள் சேர்க்கிறது, சண்டை தீர்க்கிறது எல்லாம் இனி ஷாகிர் தலையில! எனக்கும் டிக்கெட் எடு. அஞ்சு வருஷம் கழிச்சு அந்தாலியாவில கடலைப் பார்க்கப் போறேன்!" என்று குதித்தான் நெஜாத்.

"பாவம், ஷாகிர் அண்ணன் என்ன பண்றார்?"

"கோப்பையைக் கட்டிப்பிடிச்சு அழறார். வேடிக்கை பார்க்கிறவங்க ஆனந்தக் கண்ணீர்னு கைதட்டறாங்க!"