லில்லி பேரில் ஒன்பது சைக்கிள்

"உங்கப்பன் முதுகை விட்டு உன் கண்ணு நகரக் கூடாது. சாராயக் கடைப் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பினான்னா, அங்கேயே குதிச்சிக் கத்து."

ஆனந்தம்மாள் இப்படிச் சொல்லித்தான் மகளைப் புருஷனின் சைக்கிள் கேரியரில் ஏற்றிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை. "இன்னிக்கு மட்டும் அவன் வாய் நாறட்டும். நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போனவ போனவதான்" என்று டிரங்குப் பெட்டியில் புடவைகளையும் அடுக்கி வைத்துவிட்டாள்.

அருள்மேரிக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் இருந்தால், எதை வேண்டுமானாலும் தலையில் கட்டுவார்களா?

ஆனால் சந்தேகம் அவளுக்கும் இருந்தது. மரக்காணத்தில் சாராயக் கடைகளை மூடி ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. பாண்டியில் மூடவில்லை. உப்பளத்தில் வாரக் கூலி வாங்கினதும் நேராகப் பாண்டிக்கு மிதிக்கிற மனுஷன் அவள் அப்பா செல்வநாதன்.

அந்த மனுஷன்தான் வருஷத்துக்கு ஒரு நாள் ஆள் திரட்டுகிறார். சிநேகிதன் இராயப்பனின் ஒரே மகள் லில்லி, ஆறு வயசில், காய்ச்சலில் போனது பாண்டி ஆஸ்பத்திரியில். அவள் நினைவாக அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு ஊர் கூடிப் பன்னும் பழமும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். இது மூன்றாவது வருஷம்.

செத்த பிள்ளை பேரைச் சொல்லிக் குடிக்கப் போகிறார் என்று ஊரே சிரித்தது.

ஒன்பது சைக்கிள் கிளம்பியது. முன்னால் இராயப்பன். அவர் ஹேண்டில்பாரில் லில்லி பேர் எழுதின அட்டை.

"ஏம்ப்பா, நேரா போனா வெயிலுக்கு முன்னாடி போயிடலாம். எதுக்கு இரும்பை, குயிலாப்பாளையம்னு ஊரைச் சுத்துறே?"

"நாலு ஊர் ஜனம் பாக்கட்டும்மே."

"ஜனம் பாக்கறதுக்கா லில்லி செத்தா?"

"உனக்கு வாய் மட்டும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸு" என்றார் செல்வநாதன். மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நர்ஸம்மா மறித்தாள். "போன வருஷம் ஆளுக்கொரு ஊதல் குடுத்துட்டுப் போனீங்க. ஒரு வாரம் வார்டுல யாரும் தூங்கலை."

"இந்தத் தடவை பலூன்தாங்க, சிஸ்டர்."

"வெடிக்குமே?"

"வெடிச்சா ஒரு தடவைதானேங்க."

நர்ஸம்மா சிரித்துவிட்டாள். இராயப்பன் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து பலூன் ஊதிக் கொடுத்தார். வேறு யாரையும் ஊத விடவில்லை.

அருள்மேரி திரும்பிப் பார்த்தாள். அப்பாவைக் காணோம்.

தேடிக்கொண்டு போனாள். மூன்றாவது சந்தில் இருந்தது சாராயக் கடை. செல்வநாதன் பலகை மேல் சாய்ந்து, கடைக்காரர் பக்கிரியின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஊது."

"என்னம்மே?"

"வாயைத் தொறந்து ஊது. அம்மா சொல்லி அனுப்பிச்சிருக்குது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்வநாதன் சின்னப் பிள்ளை மாதிரி ஊதினார். வாழைப்பழ வாசனைதான் வந்தது.

"நான் வந்ததால தப்பிச்சே. இல்லன்னா இந்நேரம் ஊத்தியிருப்பே."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அருள்மேரி பின்னால் கிளம்பினாள்.

"பாப்பா, நில்லு" என்றார் பக்கிரி. "மத்த நாள்ல உங்கப்பன் குடிக்கிறான், இல்லேங்கலை. இன்னிக்கு அவன் வந்தது, 'இராயப்பன் வந்தா ஊத்தாதே'ன்னு சொல்றதுக்கு. மூணு வருஷமா வந்து சொல்றான்."

"இராயப்பன் மாமாவுக்கா?"

"பிள்ளையை அடக்கம் பண்ண மறுநாள் இங்க வந்து விழுந்தவன் நாலு நாள் எந்திரிக்கலை. உங்கப்பன்தான் தூக்கினு போனான். அந்தத் தேதி வந்தா அவனைத் தனியா விடக் கூடாதுன்னுதான் இந்த சைக்கிள் கூட்டமே. ஊர் ஊரா சுத்தவிட்டு, ஓயவிட்டு, வீட்டுல கொண்டுபோய்ப் படுக்க வெச்சிடறான். இராயப்பனுக்கு இதெல்லாம் தெரியாது."

அருள்மேரிக்குத் தன் வாயிலேயே ரெண்டு போட வேண்டும் போல இருந்தது.

திரும்பும்போது பாதி வழியிலேயே செல்வநாதனுக்கு மூட்டு பிடித்துக்கொண்டது.

"டேய் நாதா, பொண்ணை என் கேரியர்ல ஏத்துடா" என்றார் இராயப்பன்.

எதிர்க்காற்றில் மெதுவாகத்தான் மிதித்தார். சாயங்கால வெயிலில் உப்புக் குவியல்கள் தெரிய ஆரம்பித்தன. பாரம் குறைந்த செல்வநாதனும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். அதற்காகவே காத்திருந்த மாதிரி இராயப்பன் கேட்டார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரியில உங்கப்பன் கொஞ்ச நேரம் காணமே. போட்டுட்டானா?"

"இல்ல மாமா. ஊதச் சொல்லிப் பாத்துட்டேன்."

இராயப்பனின் தோள் ரெண்டும் தளர்ந்தன. "நல்லதாப் போச்சு."

எதையாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. "உங்களுக்கு இன்னிக்கெல்லாம் லில்லி ஞாபகமாவே இருந்திருக்கும், இல்ல மாமா?" என்றாள்.

"எம் பொண்ணை நெனைக்க எனக்கு சைக்கிள் எதுக்கும்மா? தெனம்தான் நெனைக்கிறேன். அந்தக் குடிக் கருமத்தை நான் விட்டும் ரெண்டு வருஷமாச்சு. லில்லி பேரைச் சொன்னா உங்கப்பன் இந்த ஒரு நாளாச்சும் குடிக்காம இருக்கான். அதுக்காகத்தான் மிதிக்கிறேன்."