காற்றில் நின்ற முந்நூறு பவுண்டு

முந்நூறு பவுண்டு எடையுள்ள நான் ஒருமுறை காற்றில் அப்படியே நின்றிருக்கிறேன்.

பாய்ந்தேன், ஆனால் விழவில்லை. தொங்கினேன். நான் தொங்கிய நேரத்தில், அரங்கின் மூன்றாம் வரிசையில் இருந்த ஒருவன் சாசேஜ் வாங்கி, கடுகுச் சாந்து தடவி, பாதியைத் தின்றும் விட்டான்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூடும் எங்கள் மேசையில் இதை நான் சொல்லாத வாரம் இல்லை. வாரத்துக்கு வாரம் அந்த சாசேஜ் ஓர் அங்குலம் நீளும். எல்லோரும் சிரிப்பார்கள். ஹார்லன் விட்மர் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் தொங்கிய அந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர். வாரநாட்களில் கண் டாக்டர், ஞாயிறானால் கழுத்தில் விசில்.

"ரோஸ்கோ, உன் பொய்யைக் கேட்டு வறுத்த மீனே வாயைப் பிளக்குதுடா" என்பார். அதோடு சரி.

ஆட்டம் நடந்தது டிசம்பர் மாதம், கொட்டுகிற பனி. எதிரணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக், டோபின். அவனைச் சாய்ப்பதுதான் என் பிழைப்பு.

சாய்க்கலாம். ஆனால் முழு எடையோடு மேலே விழக்கூடாது. விதி அப்படி. பந்தை எறிகிறவனைப் பீங்கான் தட்டுபோலக் கையாள வேண்டும்.

அந்தப் பருவத்தில் ஏற்கெனவே இரண்டு பீங்கான்கள் என் கணக்கில் இருந்தன. லீக் அலுவலகத்தில் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, நிதானமாகச் சொல்லி அனுப்பினார்கள்: இன்னொரு முறை என்றால் ஓராண்டுத் தடை.

எனக்கு முப்பத்தைந்து. எங்கள் ஆட்டத்தில் அந்த வயதுக்காரனுக்கு ஓராண்டு என்பது காப்பியோடு தரப்படும் மரண தண்டனை.

டோபினின் முதுகைக் காக்க வேண்டிய தடுப்பாளன் பனியில் சறுக்கி விழுந்தான். வழி திறந்தது. பாய்ந்தேன்.

பாய்ந்த பிறகுதான் பார்த்தேன், பந்து அவன் கையில் இல்லை. எறிந்துவிட்டான்.

கால் தரையை விட்டாகிவிட்டது. அவன் கீழே சாய்ந்துகொண்டிருக்கிறான், நான் மேலே வந்துகொண்டிருக்கிறேன். கிளம்பிய முந்நூறு பவுண்டைத் திரும்ப அழைக்கும் வித்தையை எந்தப் பயிற்சியாளரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் வேலை போவதை மேலே இருந்தபடியே பார்த்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் ஜெர்சியைப் பிடித்தது.

எங்கள் தொழிலில் ஆளுக்கு ஆள் பிடி வேறு. கட்டிய மனைவியின் கையைவிட எதிரணித் தடுப்பாளனின் கை நமக்கு நன்றாகத் தெரியும். அக்குளுக்குக் கீழே துணியைக் கொத்தாக அள்ளி, உள்பக்கமாக ஒரு முறுக்கு. அப்படிப் பிடிப்பவன் ஒருவன்தான்.

எய்னர் ஓலஃப்சன். வருஷக்கணக்காக டோபினின் முதுகைக் காத்தவன்.

அவன் சவப்பெட்டியை அந்த ஆண்டு ஜூலையில் சுமந்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கை குளிரவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தூக்கத்தில் உலுக்குகிறது. அந்தப் பனியில் என் உடம்பில் கதகதப்பாக இருந்த ஒரே இடம் அக்குளுக்குக் கீழே, அவன் விரல்கள் இருந்த இடம்.

அந்தக் கை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல என்னை டோபினுக்குப் பக்கத்தில் கிடத்தியது.

டோபின் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தான். அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று எவ்வளவோ கேட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அந்தப் பருவத்தோடு ஆட்டத்தையும் விட்டுவிட்டான்.

எழுந்தேன். பனியில் மஞ்சள் கொடி கிடந்தது. குற்றம் நடந்ததென்று நடுவர் கொடியை வீசிவிட்டார். என் கதை முடிந்தது என்று நின்றேன்.

ஹார்லன் மைக்கைத் திறந்து அரங்கம் முழுக்கக் கேட்க அறிவித்தார். எதிராளியைப் பிடித்து இழுத்தது குற்றம். செய்தவர், எழுபத்தொன்று.

எழுபதாயிரம் பேர் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது.

எழுபத்தொன்று எய்னரின் ஜெர்சி எண். அந்த ஆண்டு அதை டோபினின் அணி யாருக்கும் கொடுக்கவில்லை.

என் வேலை தப்பியது. ஹார்லனின் மானம் தப்பவில்லை. மறுநாள் கிளினிக் கதவில் எவனோ பெரிய பெரிய எழுத்துகள் போட்ட கண் சோதனை அட்டையை ஒட்டிவிட்டுப் போயிருந்தான்.

அவர் சொன்ன விளக்கம் எப்போதும் ஒன்றுதான். செத்தவன் நினைவாக அந்த அணியினர் எல்லோரும் ஹெல்மெட்டின் பின்னால் சின்னதாக 71 என்று ஒட்டியிருந்தார்கள். பனியில் அதைப் படித்துவிட்டேன், பிடித்தது வேறு எவனோ, வேண்டுமானால் வீடியோவைப் பார் என்பார்.

பார்த்தேன். நான் தெரிகிறேன். டோபின் தெரிகிறான். என் பின்னால் வெறும் பனி.

போன வெள்ளிக்கிழமை நான் காற்றில் தொங்குகிற கட்டத்தில் இருந்தேன். ஹார்லன் மீனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அன்று காலைதான் கிளினிக்கை வேறொரு டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.

"தப்பாப் படிச்சேன்னு சொன்னா சிரிப்பாங்க, அவ்வளவுதான்" என்றார். "பார்த்தேன்னு சொல்லியிருந்தா எவன் என்கிட்ட வந்து கண்ணைக் காட்டியிருப்பான்?"

 நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நான் எந்த நம்பரையும் படிக்கல, ரோஸ்கோ. யாரோ பிடிச்சது தெரிஞ்சுது, கொடியை வீசிட்டேன். யாருன்னு தெரியாம முழிச்சுட்டு நின்னேன். எய்னர் நேரா என் முன்னால வந்து, பிடிச்சது நான்தான்னான். உசிரோட இருந்தப்ப ஒருநாளும் ஒத்துக்காத பய."