கழுத்துப்பட்டை

பசுக்களின் கழுத்தில் கட்டும் சென்சார் பட்டைகளைச் சோதிப்பது நிறைமதியின் வேலை. ராக்கியப்பனின் பசு இரவெல்லாம் நடக்கிறது, படுப்பதே இல்லை என்று கைபேசி காட்டவும் நேரில் போனாள். கொட்டகை காலியாக இருந்தது. தனியாக உட்கார்ந்திருந்த அவருடைய முழங்கையில் பட்டை சுற்றியிருந்தது.

“மாடு எங்கீங்கண்ணா?”

தென்னையடியில் இருந்த புதுமண் மேட்டைக் காட்டினார்.

“பட்டைய ஏன் நீங்க கட்டியிருக்கீங்க?”

“கழட்டி வெச்சா என்னாச்சுன்னு கேட்டு போன் பண்ணுவீங்க. செத்துப்போச்சுன்னு வாயால சொல்லோணும் கண்ணு.”

கையை நீட்டினார். அவள் பட்டையைக் கழற்றினாள். கழற்றிய பிறகும் அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. நிறைமதி வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டாள்.

“அடுப்படி எந்தப் பக்கங்கண்ணா? காப்பி வெக்கறேன்” என்றாள்.