கூட யாரும் நடக்கக் கூடாது

“இவளோட நடக்கறதுக்கு ஒரு நத்தையோட நடக்கலாம் டாக்டர்!”

ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார் அவர். நுரையீரல் பழுதாகிச் சில வருஷம் ஆச்சு. வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

“மார்க்கெட் இதோ, கூப்பிடு தூரம். இவளோட போனா பொழுதே போயிடும். துணிக்கடை, பாத்திரக்கடை, செருப்புக்கடை... ஒண்ணு விடாம நின்னு வேடிக்கை! வாங்கறது ஒண்ணும் கிடையாது.”

பக்கத்தில் மனைவி, யாரைப் பற்றியோ பேச்சு என்பது போலக் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

வெளியூரில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. தனியா ரயிலேறிப் போய்ப் பேரனைப் பார்க்கணும், அதுக்கு டாக்டர் சரின்னு சொல்லணும். இவளோட போனால் ரயில் போயே போயிடும் என்பது அவர் கட்சி.

“ஆறு நிமிஷ நடைச் சோதனை ஒண்ணு இருக்கு. அதைப் பாத்துட்டுச் சொல்றேன்,” என்றார் டாக்டர்.

“ஆறே நிமிஷமா? ப்பூ!”

நீளமான வராந்தா. இரண்டு கோடியிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு. நர்ஸ் அவர் விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டினாள். மனைவியும் எழுந்தாள்.

“நீங்க உக்காருங்கம்மா. கூட யாரும் நடக்கக் கூடாது.”

“நான் சும்மா பின்னாலயே...”

“கூடாதும்மா.”

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

வாத்தியார் அணிவகுப்புக்குக் கிளம்பின மாதிரி கிளம்பினார். முதல் கூம்பு வரைக்கும் ராஜநடை. திரும்பி வரும்போது நெஞ்சுக்குள் யாரோ கயிறு போட்டு இறுக்கினார்கள்.

“நல்லா நடக்கறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு,” என்றாள் நர்ஸ்.

இன்னும் அஞ்சா! கடிகாரம் நின்னுபோச்சா?

அடுத்த திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்கின.

“தரை வழுக்குது... கிளிப் இறுக்கமா இருக்கு... இன்னொரு தடவை!”

நன்றாக ஓய்வு கொடுத்து மறுபடி நடக்கவிட்டார்கள். அதே சுவர், அதே இடம்.

அவருக்கு ஒண்ணுமே புரியவில்லை. தினமும் மார்க்கெட் வரைக்கும் நடக்கிற கால்தானே இது?

“வழியில நிக்கவே மாட்டீங்களா சார்?” நர்ஸ் கேட்டாள்.

“நானா? ஒரு நாளும் நின்னதில்ல. நிக்கறது இவதான்!”

நர்ஸ் அந்த அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா அவசரமாகக் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

தனியாகப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. “மெஷின்ல ஏதோ கோளாறுடி. இல்லன்னா எப்படி?” புலம்பிக்கொண்டே வந்தார். மூச்சு முட்டியது.

அவள் சட்டென்று நின்றாள்.

“ஆரம்பிச்சிட்டியா? இங்க என்ன கடை இருக்கு?”

நிமிர்ந்து பார்த்தார். ஷட்டர் இறக்கிப் பூட்டின கடை. போர்டுகூட இல்லை.

“ஏய், மூடின கடையில என்னத்தடி பாக்கறே?”

“பெயிண்ட் நல்லா இருக்குல்ல?”

அவள் கண் ஷட்டர் பக்கமே போகவில்லை. ஓரக்கண்ணால் அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறி இறங்கின தோள் மெல்ல அடங்கியது.

“சரி, போலாங்க,” என்றாள் உடனே.

அவர் நகரவில்லை. துணிக்கடை, பாத்திரக்கடை, செருப்புக்கடை என்று ஒவ்வொன்றாக நினைவில் வந்தது. ஊரெல்லாம் கேட்கிற மாதிரி அவளைத் திட்டினதும் வந்தது.

“என்னங்க, முடியலையா?”

“எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்.” முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். “டிக்கெட் ரெண்டா எடுத்துடலாம். நீயும் வா... ஸ்டேஷன்ல நின்னு பாக்க நிறையக் கடை இருக்கும்.”