எதை அமுக்கறதுங்க சார்?

"எதை அமுக்கறதுங்க சார்?"

ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. கேட்ட வர்ஷாவும் சேர்ந்து சிரித்தாள்.

பாலசுப்பிரமணியத்துக்குப் பொறுமை போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட் வந்து இரண்டு மாதமாகிறது. அவருடைய அறிவியல் வகுப்பில் தினமும் இதே கேள்விதான்.

"மூளையை ஊட்டுலயே வெச்சுட்டு வர்றியா?"

"இல்லீங்க சார். அந்த நீலக் கட்டத்தைத் தொட்டா பாடம் வருமுங்களா? இல்ல, மேல இருக்கற மூணு கோடுங்களா?"

"நீலம்தான். வேற எது?"

சொல்லிக்கொண்டே தன் டேப்பிலும் நீலத்தைத் தொட்டார். சுவரிலிருந்த பெரிய திரையில் பாடம் வந்து நின்றது.

"பாத்தியா? இவ்வளவுதான்."

"மறந்துடறேனுங்க சார்."

"நாளைக்கும் கேப்பா சார்!" என்றான் பின்பெஞ்சு கமலேஷ். மறுபடி சிரிப்பு.

மதியம் தலைமையாசிரியை வேலாமணி ஒரு பட்டியலை நீட்டினார். ஊட்டியில் மாவட்ட வினாடி வினா. எல்லாம் டேப்பில்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வர்ஷாவின் பெயர் முதலில் இருந்தது.

"இவளா மேடம்? பரீட்சையில மார்க் வாங்குவா, சரி. டேப்பைக் கையில கொடுத்தா முழிப்பா. ஊட்டிக்குப் போய் நம்ம மானத்தை வாங்கணுமா?"

பாலசுப்பிரமணியமே அவள் பெயரை அடித்துவிட்டார்.

மறுநாள் வர்ஷாவின் அம்மா பேச்சி, தேயிலை எஸ்டேட்டில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்கவில்லை.

"பாப்பா பேரை எடுத்துட்டீங்களாமே சார். நேத்துல இருந்து சரியா சாப்பிடலீங்க."

"நான் என்னம்மா பண்றது? உம் பொண்ணுக்கு டேப்பைத் தொறக்கவே தெரியலையே."

பேச்சி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"அவளுக்குங்களா? எங்க எஸ்டேட் லைன்ல இருக்கற அத்தனை ஊட்டுக்கும் போன்ல ஃபாரம் போட்டுத் தர்றது அவதானுங்க. ஆதாரு, பி.எஃப்., கரண்டு பில்லு எல்லாமே. பேக்டரி கிளார்க்கே அவளைக் கூப்பிட்டுக் கேப்பாருங்க."

"அப்புறம் ஏன் கிளாஸ்ல தினமும் எதை அமுக்கறதுன்னு கேக்கறா?"

பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காளுங்க."

"பரவாயில்ல, சொல்லு."

"கோவிச்சுக்காதீங்க சார். மொத நாளு நீங்க பாடம் எங்க இருக்குன்னு தெரியாம ரொம்ப நேரம் தேடினீங்களாம். பின்னாடி பசங்க வாயைப் பொத்திட்டுச் சிரிச்சாங்களாம். அடுத்த நாள்ல இருந்து இவ கேக்க ஆரம்பிச்சிருக்கா. 'நான் கேட்டா என்னையப் பாத்துத்தானே சிரிப்பாங்க'ங்கறா."

வெளியே கூடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி வளைவில் திரும்பியது.

"நீ போம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அடுத்த நாள் முதல் பீரியட். ஊட்டிக்குப் போகிறவர்களின் பெயரைப் பதிவு செய்ய அன்று மதியம் வரைதான் நேரம். பாலசுப்பிரமணியம் டேப்பைத் திறந்தார். பெரிய திரை ஒளிர்ந்தது.

வர்ஷா வழக்கம்போல எழுந்தாள்.

"சார், எதை..."

"இரு, இன்னைக்கு நான் கேக்கறேன்" என்று டேப்பை அவளிடம் நீட்டினார். "ஊட்டிக்கு உன் பேரைப் போடணும். எனக்குத் தெரியல. எதை அமுக்கறதும்மா?"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. பாலசுப்பிரமணியமும் சேர்ந்து சிரித்தார்.

வர்ஷா மட்டும் சிரிக்கவில்லை.