பாதியில் நின்ற தேவாரம்

வேலணைக் கோயிலில் காலைப் பூசை முடிந்ததும், நிர்வாகசபைத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை, பூசை செய்த ஐயரை வெளிமண்டபத்தில் மறித்தார்.

“ஐயா, மூண்டு நாளாப் பூசை ஏன் இப்பிடி ஓடுது? இண்டைக்கு என்ர தேவாரத்தையும் பாதியில நிப்பாட்டி மணியை அடிச்சுப்போட்டியள்!”

“கோவிக்காதையுங்கோ தலைவர். காலமை இன்சுலின் போட்டால் அரை மணித்தியாலத்துக்குள்ள சாப்பிட வேணுமாம்.”

ஆழ்வாப்பிள்ளையின் கோபம் இறங்கிவிட்டது.

“ஐயோ, அந்தப் பால் நிற மருந்தோ? குலுக்காமல் உள்ளங்கைக்குள்ள உருட்டித்தானே போட்டது? அதைப் போட்டிட்டு வெறும் வயித்தோட நிண்டால் வேர்த்து மயங்கி விழ வேண்டியதுதான். முதல்லயே சொல்லியிருக்கலாமே!”

“ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு உத்தரவு” என்ற ஐயர், தட்டிலிருந்த வாழைப்பழத்தை நீட்டினார்.

“எனக்கேன்? நீங்களெல்லோ சாப்பிட வேணும்!”

“எனக்குச் சீனி வருத்தம் இல்லை, தலைவர். வீட்டில ஊசியைப் போட்டிட்டு, பூசை முடியும்வரைக்கும் பச்சைத்தண்ணியும் குடியாமல் நிக்கிறது நீங்கள்தானாம். உங்கட மனுசி சொன்னவ.”

ஆழ்வாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பழத்தை உரித்தார்.

“சரி, கிளினிக்கில கேட்டு ஊசியைப் பூசைக்குப் பிறகு மாத்துறன். பிறகென்ன, தினமும் தேவாரப் பதிகத்தின்ர பதினொரு பாட்டையும் முழுசாப் பாடலாம்!”

இப்போது ஐயருக்கு வேர்த்தது.