இரண்டாவது சுவரொட்டி

ஓர் ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான். பண்டமாரானில் கறிக்கடை வைத்திருந்த கிஃபாயத்துல்லா, அந்த மண்ணீரலை இலையில் கட்டிக் கொக்கியில் தொங்கவிடுவார். அந்தக் கம்பத்துக் குடியிருப்பில் உண்டாகியிருக்கும் பெண்ணுக்கு அது. பலருக்கு அவர் நீட்டிய பிறகுதான் தாங்கள் உண்டாகியிருப்பதே தெரியும்.

அவர் மௌத்தானதும் மனைவி ஜெய்னம்பு கத்தியைக் கையிலெடுத்தாள்.

“கடைய மூடுங்க மதினி. பொம்பள கறி வெட்டுனா யாரு வருவா?” கொழுந்தன் ஹஸ்ஸான் விடிந்ததும் வந்து நின்றான்.

“வர்றவங்க வரட்டும் லா. நான் மூட மாட்டேன்.”

அன்று குளிர்லோரியில் அறுத்து வந்தது ஒரே ஆடு. கொக்கியிலோ இரண்டு பொட்டலங்கள். ஒன்று அவள் கட்டியது. மற்றதைப் பார்த்த ஹஸ்ஸான், இறக்கிக்கொண்டிருந்த ஷட்டரைப் பாதியில் விட்டான். இடக்கைக்காரர் போடும் முடிச்சு. அண்ணன் முடிச்சு.

ஜெய்னம்பு அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். காரில் ஹஸ்ஸானின் மனைவி நிலோபர் காத்திருந்தாள். பிள்ளை வேண்டி அவள் போகாத தர்கா இல்லை.

“ஒனக்குத்தான். வாங்கிக்க.”

அதற்குள் ஹஸ்ஸான், பாதி இறக்கிய ஷட்டரைத் தானே மேலே தள்ளிக்கொண்டிருந்தான்.

நிலோபர் பொட்டலத்தை மடியில் வைத்தாள்.

“அக்கா, இப்பதான் அறுத்த மாதிரி சுடுதே.”